உங்களுக்குத் தெரியுமா? அடுப்புக்கரியில் ஓடிய லாரி!

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம்மூர் பஸ்களும் லாரிகளும் அடுப்புக்கரியைப் போட்டு ஓடின.

• 1912-ல் தஞ்சாவூர்–புதுக்கோட்டை பஸ் விட்ட டி.வி.சுந்தரம் ஐயங்கார்தான் இதற்கான ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ கருவியையும் வடிவமைத்துத் தயாரித்தார்.

• வண்டியோடு ஓர் இரும்பு உருளை. அதற்குள் கரி அரைகுறைக் காற்றில் கனன்று கார்பன் மோனாக்சைடு தரும். அதை ஆறவைத்து, சாம்பலை வடிகட்டி, காற்றோடு கலந்து குழாய் வழியாக விட்டால் பெட்ரோல் இன்ஜின் ஓடும். இன்ஜினைப் பிரித்து மேய வேண்டியதில்லை.

• இழுவை மட்டும் நன்றாகவே குறையும். இன்ஜினுக்குள் வாயுவை அமுக்கும் விகிதத்தைக் கூட்டினால் கொஞ்சம் தேறும். ஏற்றம் வந்தால் திண்டாட்டம்தான்.

• நினைத்தவுடன் கிளம்பாது. கனல் பிடிக்கும்வரை காற்று ஊதும் விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். பாவம், கிளீனர்!