மின்கட்டணப் பட்டியலில் ஒரு வரி: புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் நாடாளுமன்றத்தைக் கடந்த வழி

பந்திங் வட்டார இல்லங்களுக்கு வரும் மின்கட்டணப் பட்டியலில் 'கும்புலான் வாங் தெனாகா போலே பஹாரு' எனும் ஒரு வரி உண்டு. மாதம் 300 கிலோவாட் மணிக்கு மேல் மின்சாரம் பயன்படுத்திய இல்லங்களிடம் 2011 டிசம்பர் முதல் 1 விழுக்காடும், 2014 ஜனவரி முதல் 1.6 விழுக்காடும் இதன்கீழ் பெறப்பட்டன. இத்தொகையைப் பெறும் அதிகாரம் எங்கிருந்து பிறந்தது என வினவுவோர் மிகச் சிலரே. அது 725ஆம் சட்டமான 2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்திலிருந்து பிறந்தது.

சூரிய ஒளி, சிறு புனல், உயிர்ப்பொருள், உயிர்வளி ஆகியவற்றால் மின் உற்பத்தி செய்வோருக்கு 16 அல்லது 21 ஆண்டுகளுக்கு நிலையான விலை வழங்க இந்நிதி பயன்படுகிறது. கோல லங்காட் போன்ற செம்பனைப் பகுதிகளுக்கு இது அயலான செய்தியன்று. ஆலைக் கழிவுநீர்க் குளங்களின் நாற்றத்தை அறியாத தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு. அக்குளங்களில் எழும் மீத்தேனே இங்குக் குறிக்கப்படும் உயிர்வளியின் மூலப்பொருள்.

இம்மசோதாவை மக்களவையில் கொணர்ந்தது அன்றைய எரிசக்தி, பசுமைத் தொழில்நுட்பம், நீர்வள அமைச்சு. பொது நிதியைத் தொடும் மசோதாவை அமைச்சர் மட்டுமே கொணரலாம். அதனை மேலவையில் தொடங்கவும் இயலாது என்பது அரசியலமைப்பின் 67ஆம் விதி. முதல் வாசிப்பில் தலைப்பு மட்டுமே வாசிக்கப்படும். கொள்கை விவாதம் நிகழ்வது இரண்டாம் வாசிப்பில்தான். பின்னர் அவை முழுவதும் குழுவாக அமர்ந்து ஒவ்வொரு பிரிவாக ஆராயும். மூன்றாம் வாசிப்பு பெரும்பாலும் சடங்கே. குரல் வாக்கே வழக்கம். 15 உறுப்பினர் எழுந்து நின்று கோரினால்தான் வாக்குகள் ஒவ்வொன்றாக எண்ணப்படும். தம் தொகுதி உறுப்பினர் எப்பக்கம் நின்றார் என அறிய விழையும் வாக்காளருக்கு இது ஓர் இடர் என்றே நாம் கருதுகிறோம்.

70 உறுப்பினரைக் கொண்ட மேலவையிலும் இதே படிகள்தாம். அவ்வவை ஒரு மசோதாவைத் தாமதப்படுத்தலாமேயன்றி வீழ்த்த இயலாது.

அடுத்து மாமன்னரின் ஒப்புதல். மசோதா சமர்ப்பிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் ஒப்புதல் அளிக்கப்படாவிடின், அளிக்கப்பட்டதாகவே 66ஆம் விதி கொள்கிறது. ஆனால் அக்கணக்கு சமர்ப்பிக்கும் நாளிலிருந்தே தொடங்குகிறது. அவைகள் நிறைவேற்றிய நாளிலிருந்து அன்று. அரசிதழில் வெளிவராத சட்டம் நடப்புக்கு வாராது. 725ஆம் சட்டம் 2011 ஏப்ரலில் மக்களவையைக் கடந்து, அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 2023 அக்டோபரில் மக்களவை ஏற்ற ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டமோ 2024 நவம்பரில்தான் அரசிதழில் வெளியாகி, 2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது.

இனி, மின்கட்டணப் பட்டியலுக்குத் திரும்புவோம். அந்த 1 விழுக்காடு 725ஆம் சட்டத்தின் பிரிவுகளில் எங்கும் இல்லை. அளவை நிருணயிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அமைச்சருக்கு ஒப்படைத்தது; எண்ணைத் தந்தது அமைச்சரின் ஆணை. ஆகவே 1 என்பது 1.6 ஆனபோது மூன்று வாசிப்புகள் மீண்டும் நிகழவில்லை. ஆணை ஒன்று அரசிதழில் வெளிவந்ததே போதுமானதாயிற்று. குழுநிலை விவாதத்தில் உறுப்பினர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது எண்களை அல்ல, எண்களைப் பிறரிடம் ஒப்படைக்கும் பிரிவுகளையே. விழுக்காட்டின் மூலத்தைத் தேடும் பந்திங் வாசகர் சட்டநூலைப் புரட்டிப் பயனில்லை, அரசிதழின் 'பி.யு. (ஏ)' வரிசையில்தான் அது கிடைக்கும்.