காலில் மாட்டுவதற்கு முன் கேளுங்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது 'ரோபோட்டிக் தெரபி பேக்கேஜ்'. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கோ அதிர்வு மெஷின், இன்ஃப்ராரெட் விளக்கு, உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவருமாம். பிசியோதெரபி மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு இத்தகைய கருவிகளை ஆராய்ந்தும் வருகிறவன் நான். கருவிகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்களே என்பதுதான் கவலை.

கைக்கான ரோபோவை எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்தால் கை விழுந்த 770 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ரோபோவில் பயிற்சி பெற்றவர்களின் கைச் செயல்பாடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறவில்லை. நடைப்பயிற்சி இயந்திரத்தின் கதை வேறு. பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகாதவர்கள், நடக்கவே முடியாதவர்கள் ஆகியோருக்கு அதைப் பிசியோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தால், பிறர் துணையில்லாமல் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. 'சேர்த்து' என்பதைக் கவனியுங்கள். தெரபிஸ்ட்டுக்குப் பதிலாக இயந்திரம் என்று யாராவது சொன்னால், அது அந்த ஆய்வு சொல்லாத விஷயம். மூளை மறுபடி கற்றுக்கொள்வது நோயாளி தானே முயன்று திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான். அவர் சும்மா படுத்திருக்க, மெஷின் காலை ஆட்டிக்கொண்டிருப்பது அந்த முயற்சிக்கு ஈடாகாது. ஆகவே முதல் கேள்வி: "எங்கப்பா இருக்கிற நிலைமைக்கு இது பலன் தரும்னு எந்த ஆய்வு சொல்லுது?"

சர்க்கரை நோயாளிகளின் ஆபத்து இதைவிட நேரடியானது. பாத உணர்ச்சியைச் சோதிக்க எங்களிடம் இருப்பது ஒரு சின்ன நைலான் இழை. அது வளையும் அளவுக்கு அழுத்தினால் 10 கிராம் விசை. கண்ணை மூடச் சொல்லிக் கட்டைவிரல் அடியில் அதை வைப்பார் மாணவர். இழை நன்றாக வளைந்து நிற்கும். நோயாளியோ, "எப்பம்மா தொடுவீங்க?" என்று கேட்பார். அந்தப் பாதத்துக்குச் சூடும் தெரியாது. வெந்நீர் ஒத்தடம், சூடாக்கும் மசாஜ் மெஷின், வெயிலில் வெறுங்காலோடு கிரிவலம், எதுவானாலும் கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். இன்ஃப்ராரெட் சிகிச்சைக்கு நரம்புக் கோளாறு விஷயத்தில் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2006-இலேயே பணம் தருவதை நிறுத்திவிட்டது. நம்மூரில் விளம்பரம் ஓய்ந்தபாடில்லை.

இதே துறையில் உருப்படியான தொழில்நுட்பமும் உண்டு, பெரும்பாலும் அது ஆடம்பரமில்லாதது. இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தின் வெப்பத்தைத் தினமும் அளந்து, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்தால் நடையைக் குறைத்து டாக்டரைப் பார்ப்பது புண்ணைத் தடுக்க உதவுகிறது. அதற்கும் முன்னால் வேண்டியது அளவான எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு. நான் ஒன்றை மட்டும் வாங்கச் சொல்ல முடியுமென்றால் செருப்பைத்தான் சொல்வேன்.

சட்டத்துக்கு வருவோம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், சில நோய்களைக் குணமாக்குவதாக மக்களிடம் விளம்பரம் செய்வதையே தடைசெய்கிறது. அதன் அட்டவணையில் சர்க்கரை நோயும் இருக்கிறது, பக்கவாதமும் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'மருந்து' என்பது மாத்திரை மட்டுமல்ல. உடலின் இயக்கத்தை மாற்றுவதற்கான பொருட்களும் அதில் அடங்கும். 'பக்கவாதம் பூரண குணம்' என்ற நோட்டீஸைப் பார்த்தால் படமெடுத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்புங்கள். 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்துக் கட்டுப்பாட்டின்கீழ் வந்துவிட்டதால், கருவியின் லேபிளில் உரிம எண் எங்கே என்று கேட்கலாம். தெரபிஸ்ட்டின் பட்டத்தையும் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

என்னைப் போன்றவர்களிடமும் கேளுங்கள். கருவி இன்னும் ஆய்வில் இருந்தால் நீங்கள் வாடிக்கையாளர் அல்ல, ஆய்வில் பங்கேற்பவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி ஆய்வுக்காக மட்டும் செய்யப்படுவதற்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. விவரத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வினால் காயம் ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உரிமை. பக்கவாதத்தில் பேச்சு போனவரின் கையைப் பிடித்து ரேகை வைக்க வைப்பது சம்மதம் ஆகாது. பேச முடியாவிட்டாலும் பலருக்குப் புரியும். தலையாட்டிச் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்? பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். குறை ஏற்பட்டு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கையில் பில் இருக்க வேண்டும். 'ஜி-பே பண்ணிடுங்க, பில் எதுக்கு' என்று சொல்லும் இடத்தில் அன்றைக்கே எழுந்து வந்துவிடுவது நல்லது.

பேக்கேஜுக்காக நகையை அடகு வைக்கும் முன் இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், இலவசமாக. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைக் கொடுங்கள்.