‘தொழிலுக்குத்தான் லாயக்கு’

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் பையன் தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டித் தடுமாறினால் யாருக்கும் தூக்கிவாரிப் போடாது. எட்டாவது வரை ஆல் பாஸ். அதற்குப் பிறகுதான் குட்டு உடைகிறது. ‘மண்டையில ஏறல, இவன் தொழிலுக்குத்தான் லாயக்கு’ என்று வீட்டிலும் வெளியிலும் ஒரே தீர்ப்பு. தொழில் என்றால் இங்கே ஏரிக்கோ கடலுக்கோ போவது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே, சென்னையில், வசதியான வீட்டுப் பிள்ளை இதேபோலத் தடுமாறினால், ‘இவ்வளவு சூட்டிகையான பிள்ளைக்கு ஏன் படிக்க வரவில்லை?’ என்று பெற்றோர் பதறுவார்கள். டிஸ்லெக்சியா என்ற பெயர் அந்தப் பதற்றத்துக்குப் பின்னால்தான் வருகிறது.

மருத்துவ உலகிலேயே இந்தப் பாரபட்சம் பழையது. 1896இல் இங்கிலாந்தில் பணியாற்றிய பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். விளையாட்டில் சுட்டி, கணக்கு வரும். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுவான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர். இவ்வளவு சூட்டிகையானவனுக்கு ஏன் படிக்க வரவில்லை என்ற அதே வியப்புதான். 1968இல் உலக நரம்பியல் கூட்டமைப்பு ஒரு வரையறை வகுத்தது. முறையான கற்பித்தலும் போதிய அறிவுத்திறனும் சமூக, பண்பாட்டு வாய்ப்பும் இருந்தும் வாசிக்க வராததே டிஸ்லெக்சியா என்றது அது. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். வாய்ப்பில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் குறைபாடு இருந்தாலும் கணக்கில் வராது.

எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. பார்வைக்கும் பேச்சுக்கும் உரிய இடப்பக்கப் பகுதிகளைப் பயிற்சியால் இணைத்துத்தான் ஒவ்வொருவரும் படிக்கக் கற்கிறோம். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு அந்த இணைப்பு எளிதில் அமைவதில்லை. பெரும்பாலும் கோளாறு கண்ணில் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில் இருக்கிறது. இதைத் தாளே இல்லாமல் கேட்டுப் பார்க்கலாம். ‘மடவை’யில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பல பிள்ளைகள் சட்டென்று ‘டவை’ என்பார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை திணறும். மடவை மீன் அவனுக்குத் தெரியாததா என்ன? (இந்த ஒரு கேள்வியை வைத்து யாருக்கும் முத்திரை குத்திவிட வேண்டாம்.)

தமிழை எழுதியபடியே படிக்கலாம், இந்தத் தொல்லை ஆங்கிலத்துக்குத்தான் என்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான உறவுள்ள மொழிகளில் பிழை குறைவாக இருக்கும். ஆனால் வாசிப்பு ஊர்ந்துதான் நகரும். பிழை குறைவு என்பதால் குறைபாடு கண்ணில் படாமலே தப்பிவிடும். தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் இருக்கின்றன. ‘கடல்’, ‘சங்கு’, ‘அகலம்’ மூன்றிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ‘கொடுவா’ என்று எழுதும்போது ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். காதில் விழுவதோ முதலில் ககரம், அப்புறம்தான் ஒகரம். 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு ஏற்றபோது ணை, லை முதலியவை ஒழுங்குக்கு வந்தன. கொம்பு மட்டும் முன்னாலேயே நின்றுவிட்டது.

‘ஐன்ஸ்டீனுக்கும் இருந்ததாம்’ என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தவிரவும், மேதை ஆகப்போகாத பிள்ளைக்கும் படிக்க உரிமை உண்டு.

டிஸ்லெக்சியா குடும்பத்தில் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று முதல் பாதிவரை. ஐந்தாவதோடு நின்று வலை பிடிக்கப் போன அப்பா ‘எனக்கும் படிப்பு வரல’ என்று சொன்னால், அது ஒரு மருத்துவக் குறிப்பாகவும் இருக்கலாம். குலுக்கல் போட்டு, முறைவைத்து மீன்பிடி இடங்களை (‘பாடு’) பிரித்துக்கொள்ளும் இந்த ஏரியில், எழுத்து தெரியாததால் அவருடைய பிழைப்பு கெட்டுவிடவில்லை. ஆனால் ஏரியின் முகத்துவாரம் பல ஆண்டுகளாக மணல் மூடி மூடி அடைபட்டு வந்திருக்கிறது. ஏரியை மட்டும் நம்பி மகன் பிழைக்க முடியாது. வேறு வேலைக்குப் பத்தாவது பாஸ் வேண்டும்.

சட்டம் என்னவோ தோதாகத்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கிடைக்கும். ஆனால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மருத்துவர், உளவியலாளர், பல கட்டச் சோதனை. விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு நிற்கும் தாய் எத்தனை நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நகரத்துக்கு அலைய முடியும்? மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது, அதுவும் சென்னையில்தான்.

எனக்குத் தோன்றுவது, வரிசையைத் திருப்பிப்போடலாம். முதலில் சோதனை, பிறகு உதவி என்பதற்குப் பதிலாக, ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைக்கும் ஒலியையும் எழுத்தையும் இணைத்து முறையாகச் சொல்லிக்கொடுக்கலாம். அப்படியும் தேங்கி நிற்பவர் யார் என்று பார்க்கலாம். 2022இல் தமிழ்நாடு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்குள்ளேயே இதற்கு இடம் இருக்கிறது. தேங்கும் பிள்ளைக்குத் தினம் கொஞ்ச நேரம் கூடுதலாக ஒதுக்கி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்யலாம். திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகியதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒன்பதாவது வந்துவிட்ட பையனுக்கு இது கொஞ்சம் தாமதம். ஆனாலும் வகுப்புத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டி, பதிலை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்க எந்த ஆசிரியருக்கும் சான்றிதழ் தேவையில்லை.