அண்டை நாட்டில் மக்கள் எழுந்தால்: டில்லி செய்ததும் செய்யத் தவறியதும்

முருகன் மலையால் பெயர் பெற்ற திருத்தணிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இவ்வூர் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையிலான எல்லைப் போராட்டத்தில் மக்கள் தெருவில் இறங்கினார்கள், சிறை சென்றார்கள். கடைசியில் படாஸ்கர் நடுவராக வந்தார். இரு மாநிலங்களும் கொடுத்து வாங்கின. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

அது ஒரே நாட்டுக்குள் நடந்த போராட்டம். நடுவரை அனுப்ப மேலே ஓர் அரசு இருந்தது. அண்டை நாட்டு மக்கள் தங்கள் ஆட்சியாளருக்கு எதிராகவே எழுந்தால் வெளிநாட்டு அரசு என்ன செய்ய வேண்டும்? 'அது அவர்கள் உள்விவகாரம்' என்று ஒதுங்குவதா? படை அனுப்புவதா? இரண்டுக்கும் நடுவில் வழி ஏதும் இருக்கிறதா? இந்தியாவின் அனுபவமே இதற்கு நல்ல பாடம்.

ஒரே வாரம், இரண்டு அளவுகோல்

1956 அக்டோபர் 23 அன்று ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் மாணவர்களும் தொழிலாளர்களும் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்தார்கள். நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்து அந்த எழுச்சியை நசுக்கின. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் கொல்லப்பட்டனர். சுமார் 2 இலட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினர்.

அதே நாட்களில்தான் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கிய எகிப்தின் மீது இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்தன. நேரு அதை உடனடியாக, கடுமையாகக் கண்டித்தார். எகிப்து மக்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஹங்கேரி விஷயத்தில் டில்லியின் குரல் தயங்கியது. சோவியத் படை வெளியேற வேண்டும் என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் இந்தியா நடுநிலை வகித்தது. ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தக் கோரிய நவம்பர் 9 தீர்மானத்தை எதிர்த்தே வாக்களித்தது. கம்யூனிச நாடுகள் அல்லாதவற்றில் எதிர்த்தது இந்தியா மட்டும்தான். அப்படி ஒரு தேர்தல் முன்னுதாரணமாகி நாளை காஷ்மீர் விஷயத்தில் தன் மீதே திரும்பும் என்ற கவலை டில்லிக்கு இருந்ததாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றவர்கள் இந்த நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சாடினார்கள்.

அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்தவர். மாஸ்கோவின் மதிப்பைப் பெற்ற நாடு இந்தியா என்பதால்தான் ஹங்கேரிய அறிவாளிகள் டில்லியை நடுவராக நாடினார்கள். புடாபெஸ்டில் இந்தியத் தூதரகப் பொறுப்பில் இருந்த எம்.ஏ. ரஹ்மான் கண்ணால் கண்டதை டில்லிக்கு எழுதினார். இஷ்த்வான் பிபோ, ஆர்பாத் கோன்ஸ் போன்றவர்களின் சமரச யோசனைகள் இந்தியாவை எட்ட வழியாகவும் இருந்தார். பின்னர் அவ்விருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தூக்குத் தண்டனை தவிர்க்கப்பட்டதில் இந்தியாவின் திரைமறைவு முயற்சிக்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது. அந்தக் கோன்ஸ்தான் 1990-ல் ஹங்கேரியின் குடியரசுத் தலைவரானார்.

மேடையில் இந்தியா தடுமாறியது. ஆனால் அமைதியான தூதரகப் பணி உயிர்களைக் காக்க முடியும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

லிபியா தந்த எச்சரிக்கை

அப்படியானால் படை அனுப்பியிருக்க வேண்டுமா? 2011 மார்ச்சில் லிபியா மீதான ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1973-வது தீர்மானத்தைப் பாருங்கள். பொதுமக்களைக் காக்க என்று பெறப்பட்ட அனுமதி, ஆட்சியைக் கவிழ்க்கும் போராக மாறியது. கடாஃபி வீழ்ந்தார். ஆனால் நாடு ஆயுதக் குழுக்களின் கையில் சிதறியது. அந்த வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது சரியென்று பலரும் பின்னர் உணர்ந்தார்கள். மக்களின் எழுச்சியை அந்நியப் படை கையில் எடுத்தால் மிஞ்சுவது அந்நியரின் கணக்குதான்.

கொழும்பும் டாக்காவும்

2022-ல் இலங்கையில் பால்மா, எரிவாயு, மருந்து எதுவும் கிடைக்காமல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். காலிமுகத்திடலில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து அமர்ந்தார்கள். ரமழானில் அங்கேயே இஃப்தாரும் நடந்தது. ஜூலை 9 அன்று அதிபர் மாளிகை மக்கள் வசமானது. கோத்தபய நாட்டை விட்டு ஓடினார்.

இந்தியா படை அனுப்பும் என்ற வதந்தியைக் கொழும்பிலிருந்த இந்தியத் தூதரகம் மறுத்தது. இலங்கை மக்களோடு நிற்கிறோம் என்று டில்லி அறிவித்தது. கடனும் எரிபொருளும் உணவுமாகச் சுமார் 400 கோடி டாலர் உதவி போனது. தமிழக அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள் தர முன்வந்தது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டது. தமிழர்களுக்கு மட்டும் என்று தராதீர்கள், எல்லோருக்கும் சேர்த்துத் தாருங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள். உதவி அப்படியே எல்லோருக்குமாகப் போனது.

இரண்டே ஆண்டில் டாக்காவில் வேறு கதை. 2024 ஜூலையில் இடஒதுக்கீட்டை எதிர்த்து எழுந்த மாணவர்கள் சுடப்பட்டபோது, அது வங்கதேசத்தின் உள்விவகாரம் என்றது டில்லி. அந்தப் போராட்டத்தில் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை. ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா இந்தியாவில் வந்து இறங்கினார். பல ஆண்டுகளாக ஒரே தலைவரை நம்பி வளர்த்த உறவு, அவர் வீழ்ந்ததும் ஆட்டம் கண்டது. 1971-ல் ஒரு கோடி அகதிகளுக்குச் சோறிட்ட நாட்டின் மீது அங்குள்ள இளைஞர்கள் கோபம் கொண்டார்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பன் சுட்டாலும் எதிரி சுட்டாலும் குண்டு துளைப்பது மனித உடலைத்தான். சூயஸுக்கு ஒரு குரல், புடாபெஸ்டுக்கு ஒரு குரல் என்றால் இரண்டு குரலுக்கும் மதிப்பில்லை.

இரண்டாவது, உறவு மக்களோடு இருக்கட்டும். ஆட்சியாளர் மாறுவார், மக்கள் அங்கேயே இருப்பார்கள். எதிர்க்கட்சி, மாணவர், சிறுபான்மையினர் எல்லோரிடமும் தூதரகம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, அரிசியும் மருந்தும் போகட்டும், தப்பி வருவோருக்குக் கதவு திறக்கட்டும். படை போக வேண்டாம். சுடும் அரசுக்கு ஆயுதமும் போக வேண்டாம்.

நான்காவது, நடுவராக அழைத்தால் போக வேண்டும். அழைக்காத வீட்டில் நாட்டாமை செய்யக் கூடாது. திருத்தணிப் பிரச்சினையில் நடுவர் சொல் எடுபட்டது இரு தரப்பும் அவரை ஏற்றதால்தான். அந்த நம்பிக்கையை எழுச்சி வெடித்த பிறகு சம்பாதிக்க முடியாது. அதற்கு முந்தைய அமைதியான ஆண்டுகளில்தான் சம்பாதிக்க வேண்டும்.