கடல் மட்டத்துக்குக் கீழே

ஹாலந்து தேசத்துக்குப் போய் வந்தவர்களிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் நான்கு விஷயங்களைச் சொல்வார்கள்: காற்றாலை, டூலிப் புஷ்பம், மரச் செருப்பு, பாலாடைக் கட்டி. இந்த நான்கையும் ஒரே பகலில் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஆம்ஸ்டர்டாமில் கொண்டு வந்து இறக்கிவிடும் மோட்டார் வண்டிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. கிண்டர்டைக் கிராமத்தில் நிற்கும் 19 காற்றாலைகளும் கண்ணுக்கு இனிய காட்சியே. ஆனால் வாசற் கோலத்தை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டாரின் குணத்தை அறிந்துகொண்டதாகச் சொல்ல முடியுமா? அந்தக் காற்றாலைகள் எதற்காகச் சுழன்றன என்று கேட்டால்தான் வீட்டின் கதவு திறக்கும்.

இந்தத் தேசத்தின் உண்மையான பெயர் நெதர்லாந்து. தாழ்ந்த நிலங்கள் என்பது அதன் பொருள். ஹாலந்து என்பது அதன் 12 மாகாணங்களில் இரண்டுக்கு மட்டுமே உரிய பெயர். நம் முன்னோர் இந்த மக்களை ஒல்லாந்தர் என்றும், உலாந்தாக்காரர் என்றும் அழைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை அமைத்து வியாபாரம் செய்த இவர்கள், நம் பாஷையில் சில சொற்களையும் விட்டுச் சென்றனர். 'துட்டு' என்பது அவர்களுடைய செப்புக் காசின் பெயர். 'கக்கூஸ்' என்பதும் டச்சுச் சொல்லிலிருந்து வந்ததே. துட்டையும் கக்கூஸையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஜனசமூகத்தை எடை போடுவது நியாயமாகாது அல்லவா? ஆகவே அவர்களுடைய ஊர்களுக்கே போய்ப் பார்ப்போம்.

கூரைக்கு மேலே ஆறு

ராட்டர்டாமிலிருந்து கௌடாவுக்குப் போகும் ரயில் பாதையில் நியூவெர்கெர்க் என்று ஒரு சிறு ஸ்டேஷன் இருக்கிறது. வெளிநாட்டுப் பிரயாணிகள் அங்கே இறங்குவது அபூர்வம். ஆயினும் நெதர்லாந்தின் மிகத் தாழ்ந்த இடம் அந்த ஊரின் எல்லையில்தான் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே, அதாவது சுமார் 22 அடிப் பள்ளத்தில், மாடுகள் நிம்மதியாகப் புல் மேய்கின்றன.

ஐசல் நதியின் ஓரமாக உள்ள அணைக்கரை மீது நாம் ஏறி நின்றோம். நம் ஊர் ஏரிக்கரையைப் போன்ற மண்கரைதான். மேலே பசும் புல். ஒரு பக்கம் நதி ததும்பிக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். வீடுகள், தோட்டங்கள், சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் எல்லாம் அந்தப் பள்ளத்தில் இருக்கின்றன. நதியில் போகும் படகு கூரைகளுக்கு மேலே மிதப்பதுபோல் தோன்றுகிறது. முதன்முதலாகப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி இது. அந்த ஊர்க்காரர்களோ இந்தப் பள்ளத்திலேதான் பிறக்கிறார்கள், தூங்குகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.

கரையின்மேல் ஒரு படகோட்டிக்கு ஞாபகச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். 1953-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி விடியுமுன், கடலில் எழுந்த பெரும் புயல் நதிகளுக்குள் நீரைத் தள்ளியபோது, இந்தக் கரை உடைப்பெடுக்கத் தொடங்கியது. கரை முழுவதும் போயிருந்தால் ஹாலந்து மாகாணங்களின் உட்பகுதியே நீரில் ஆழ்ந்திருக்கும். அப்பொழுது ஆரி எவெக்ரூன் என்ற படகுத் தலைவரிடம் ஊர்த் தலைவர் வந்து, படகைக் கொண்டு உடைப்பை அடைக்கும்படி கேட்டார். அவர் தம் சரக்குப் படகை உடைப்பிலே செலுத்தி, கதவு சாத்தியதுபோல் அதை அடைத்துவிட்டார். அந்தப் படகுதான் அவருடைய பிழைப்பு. அன்று அந்தக் கணத்தில் அவர் லாபநஷ்டக் கணக்குப் பார்க்கவில்லை.

மண்வெட்டியின் சட்டம்

இப்படிப்பட்ட பள்ளத்தில் வாழ்பவர்களுக்கு ஓர் உண்மை சிறு வயதிலேயே புலப்பட்டுவிடுகிறது. கரையில் ஓர் இடம் உடைந்தால் போதும். பணக்காரன் நிலமும் ஏழை நிலமும் சேர்ந்தே மூழ்கும். எனவே கரையைக் காப்பதற்கென்று, அரசர்களும் பார்லிமெண்டும் உறுதிப்படும் முன்பே, ஜனங்கள் கூடி நீர்ச் சபைகளை அமைத்துக்கொண்டார்கள். லெய்டன் நகரைத் தலைமை இடமாகக் கொண்ட ரைன்லாந்து சபைக்கு 1255-ஆம் வருஷத்துச் சாசனம் உண்டு. அந்தச் சபை இன்றும் வேலை செய்கிறது! இப்போது தேசத்தில் 21 நீர்ச் சபைகள் இருக்கின்றன. நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. சபைக்குத் தனி வரி. அந்த வரிப் பணம் கரைக்கும் நீருக்கும் மட்டுமே செலவாகும்.

பழங்காலத்தில் ஒவ்வொரு நிலச் சொந்தக்காரனுக்கும் கரையில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அதைச் செப்பனிட அவனால் இயலாமற் போனால், தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு அவன் வெளியேற வேண்டும். எவன் அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எடுக்கிறானோ, அவனுக்கே அந்த நிலம் சொந்தம். நிலத்தோடு கரையைக் காக்கும் கடமையும் அவன் தலையில் ஏறும். உரிமையையும் கடமையையும் பற்றி வகுப்பறையில் மணிக்கணக்காக நாம் பிரசங்கம் செய்கிறோம். இவர்களுக்கு ஒரு மண்வெட்டி போதுமானதாயிருந்தது.

கரைகட்டி, நீரை இறைத்து மீட்ட நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே உள்ள பேம்ஸ்டர் போல்டர், காற்றாலைகளைக் கொண்டு 1612-இல் வற்ற வைக்கப்பட்ட ஏரி. காற்றாலைகள் சுழன்ற காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அவற்றுள் பல இந்த நாட்டின் ஏற்றங்கள். இப்போது அந்த வேலையைப் பம்புகள் செய்கின்றன. பம்புகள் நின்றால் நாளடைவில் ஏரி திரும்பி வந்துவிடும்.

போல்டர் என்ற சொல்லையே இந்த மக்கள் வினைச்சொல்லாகவும் ஆக்கிக்கொண்டார்கள். மாறுபட்ட கட்சியினர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் ஓரளவு இணங்கும் வரையில் பேசித் தீர்ப்பதற்கு அந்தச் சொல் வழங்குகிறது. பேச்சு நீண்டுகொண்டே போகிறது என்று அவர்களே சலித்துக்கொள்வதும் உண்டு. ஆனாலும் பேச்சை விடுவதில்லை.

ஓர் இரவின் கணக்கு

தென்மேற்கே ஸேலாந்து மாகாணத்தில் ஔவர்கெர்க் என்ற கிராமத்துக்குப் போனோம். 1953-ஆம் வருஷத்து வெள்ளத்தின் கடைசி உடைப்பு அந்த வருஷம் நவம்பர் மாதம் 6-ஆம் தேதிதான் அடைபட்டது. அதற்காக இறக்கிய நான்கு பெரிய கான்கிரீட் பெட்டகங்களே இன்று வெள்ள ஞாபகச் சாலையாக இருக்கின்றன. உள்ளே குளிர், மங்கிய வெளிச்சம், காலடியில் மணல். இறந்தவர்கள் 1836 பேர். அவர்களில் ஒருவர், அந்த இரவிலேயே பிறந்து அந்த இரவிலேயே நீரில் மறைந்த சிசு.

அன்று சனிக்கிழமை இரவு. அந்தக் காலத்தில் ரேடியோ நிலையம் நள்ளிரவில் மூடப்படும். எச்சரிக்கை பல கிராமங்களை எட்டவே இல்லை. நீர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வந்தது. ஆயினும் பள்ளத்தில் மெல்லிய சுவர் எழுப்பிக் குடியிருந்த தொழிலாளரின் வீடுகளே முதலில் இடிந்தன. நீர் சமமாக இருந்தாலும் சுவர்கள் சமமாக இல்லை என்பதை அந்த இரவு காட்டிவிட்டது.

அதன் பிறகே புகழ்பெற்ற டெல்டா அணைகள் எழுந்தன. ஊஸ்டர்ஸ்கெல்டே என்ற கடற்கழியை முற்றிலும் அடைத்துவிடுவதென்று முதலில் தீர்மானித்தார்கள். கடல் நீர் வராவிட்டால் சிப்பியும் மீனும் அழிந்துவிடும் என்று செம்படவர்களும் இயற்கை அபிமானிகளும் எதிர்த்தார்கள். உயிருக்குப் பாதுகாப்பா, பிழைப்புக்குப் பாதுகாப்பா என்ற வாதம் வருஷக் கணக்காக நடந்தது. முடிவில் 62 எஃகுக் கதவுகள் கொண்ட அணையைக் கட்டி, 1986-இல் திறந்து வைத்தார்கள். சாதாரண நாட்களில் கதவுகள் திறந்தே இருக்கும். புயல் வரும்போது மட்டும் மூடப்படும். செலவு பன்மடங்கு ஏறியது. ஆனாலும் செம்படவரின் குரல் கணக்கில் சேர்ந்தது.

வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

இனி ஒரு வீட்டுக்குள் போகலாம். ஹேக் நகரத்துக்கு அருகே, நமக்கு அறிமுகமான ஓர் ஆசிரியையின் பிறந்த நாளுக்கு அழைப்பு வந்திருந்தது. அழைப்பிலேயே நேரம் குறித்திருந்தார்கள்: காலை பத்தரை மணி. இங்கே முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது மரியாதைக் குறைவு. தெருவோடு போகும்போது பார்த்தால், பெரிய கண்ணாடி ஜன்னல்களில் திரை இல்லை. வீட்டுக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. பார்வைக்குக் கதவு திறந்திருக்கிறது. வருகைக்கு மட்டும் நாள் குறிக்க வேண்டும்!

உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தலைமை ஆசனம் என்று ஒன்றும் இல்லை. புதிதாக வருகிறவர் பிறந்த நாள் கொண்டாடுகிறவரை மட்டும் வாழ்த்தினால் போதாது. "உங்கள் அம்மாவின் பிறந்த நாளுக்கு வாழ்த்துக்கள்", "உங்கள் அண்டை வீட்டாரின் பிறந்த நாளுக்கு வாழ்த்துக்கள்" என்று சுற்றி வந்து எல்லோருடைய கையையும் குலுக்க வேண்டும். ஒருவருடைய சந்தோஷத்தை எல்லோருடைய கணக்கிலும் வரவு வைப்பது அழகான வழக்கமாகவே தோன்றியது. காப்பியும் ஒரு துண்டுக் கேக்கும் வந்தன. மறு துண்டு எதிர்பார்ப்பவர் ஏமாறக்கூடும். உறவினர், நண்பர் எல்லோருடைய பிறந்த நாட்களையும் குறித்த காலண்டர் எங்கே தொங்குகிறது தெரியுமா? கக்கூஸில்! தினந்தோறும் தவறாமல் கண்ணில் படும் இடம் அதுதானே என்றார்கள்.

இவர்கள் மனத்தில் பட்டதை நேரே கேட்டுவிடுகிறார்கள். வட்டத்தில் இருந்த ஒரு முதியவர், "உங்கள் தேசத்தில் ஜாதி வித்தியாசம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றும், சட்டம் அதை ஒழிக்கச் சொன்னாலும் மனம் இன்னும் ஒழிக்கவில்லை என்றும் பதில் சொன்னோம். பிறகு நாம் இந்தோனேஷியாவைப் பற்றிக் கேட்டோம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. "என் தகப்பனாரை இருபதாவது வயதில் ஜாவாவுக்கு யுத்தத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தார். சாகிற வரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை" என்றார் அந்த முதியவர்.

கரைக்கு அப்பால்

1940 மே மாதம் ஜெர்மானியர் இந்த நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நகரத்து ஜனங்கள் டூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பூந்தோட்டத்தைப் பார்க்கச் செல்லும் பிரயாணிகள் இதையும் அறிந்துகொள்வது நல்லது. 1945 மே மாதம் 5-ஆம் தேதி விடுதலை கிடைத்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி இந்தோனேஷிய மக்கள் தங்கள் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார்கள். அந்நிய ஆட்சியின் கசப்பு நாவிலிருந்து நீங்குவதற்குள், டச்சு அரசாங்கம் லட்சத்துக்கு மேற்பட்ட வாலிபர்களைப் பட்டாளத்தில் சேர்த்து, அந்தச் சுதந்திரத்தை அடக்குவதற்குக் கப்பலேற்றியது. 1949 டிசம்பர் 27-ஆம் தேதிதான் ஆட்சியுரிமையை ஒப்படைத்தது.

கரைக்குள்ளே ஒவ்வொரு குடியானவனுக்கும் உரிமை உண்டு என்று கண்டவர்கள், கரையைத் தாண்டிய கணமே அதை மறந்தார்கள். நம் சோழமண்டலக் கரையிலும் இதுவே நடந்தது. 17-ஆம் நூற்றாண்டுப் பஞ்ச காலங்களில், வயிற்றுக்கு இல்லாத தமிழ் மக்களை ஒல்லாந்தக் கம்பெனியார் விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். துட்டு என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த வியாபாரமும் இருக்கிறது.

இதை அந்த நாட்டார் இப்போது வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 2020-இல் வில்லெம் அலெக்ஸாண்டர் மன்னர் இந்தோனேஷியாவுக்கே சென்று, அந்த யுத்தத்தில் நடந்த அளவு மீறிய கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். 2022-இல் பிரதம மந்திரி மார்க் ருட்டேயும் அவ்வாறே செய்தார். 2023 ஜூலை 1-ஆம் தேதி, அடிமை வியாபாரத்துக்காக மன்னர் ஆம்ஸ்டர்டாமில் மன்னிப்புக் கேட்டார். இதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதில்லை. அந்தப் பிறந்த நாள் வீட்டிலேயே, "எப்போதோ நடந்ததற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆசிரியை அவருக்குச் சொன்ன பதில் இது: "தாத்தா கட்டிய கரையை வேண்டுமென்கிறோம், தாத்தா செய்த உடைப்பு மட்டும் நம்முடையதில்லையா?"

ஹாலந்துக்குப் போகும் நேயர்கள் காற்றாலையைப் பார்க்கட்டும், பூந்தோட்டத்தையும் பார்க்கட்டும். ஒரு நாளையாவது ஓர் அணைக்கரைமேல் நடப்பதற்காக மீத்து வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதமாக இருந்தால், 4-ஆம் தேதி மாலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு சிற்றூர்த் தெருவில் நிற்கலாம். யுத்தத்தில் மடிந்தவர்களுக்காக இரண்டு நிமிஷம் தேசம் முழுவதும் மௌனம் சாதிக்கும். ரயிலும் டிராமும்கூட நின்றுவிடும். அந்த மௌனத்தில் ஜாவாவில் மடிந்தவர்களுக்கும் இடம் உண்டா என்ற விவாதம் அங்கே இப்போது நடக்கிறது. அதையும் போல்டர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.