"கிளீனர்" கேட்கும் வாடிக்கையாளருக்கு எந்த மீனைக் கொடுப்பது?

அலங்கார மீன் கடைகளில் அதிகமாகக் கேட்கப்படும் மீன் கப்பி அல்லது கோல்ட்பிஷ் என்றே பலரும் நினைப்பார்கள். எனது அனுபவத்தில் அது பெயரில்லாத ஒரு மீன். "நானா, தொட்டிய கிளீன் பண்ற மீன் ஒண்டு தாங்க" என்றுதான் கேட்பார்கள். கட்டுகஸ்தோட்டையில் கோழித்தீனும் பறவைக்கூடும் விற்கும் எனது கடையின் ஒரு பக்கச் சுவரில் மீன் தொட்டிகளும் இருக்கின்றன. இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. அதற்கு வியாபாரி கொடுக்கும் பதிலில்தான் அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடமும் நம்மிடம் தீன் வாங்க வருவாரா, அல்லது தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இந்தப் பக்கமே வராமல் விடுவாரா என்பது தங்கியிருக்கிறது.

பெரும்பாலான கடைகளில் இதற்குக் கொடுக்கப்படுவது கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்தப் புள்ளி மீன். டேங்க் கிளீனர் என்றும் பிளெக்கோ என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்தி இனத்தைச் சேர்ந்தது. கடையில் இருக்கும்போது விரல் நீளம். விலையும் குறைவு. எளிதில் சாகாது. வியாபாரிக்கு இதைவிட வசதியான சரக்கு வேறு ஏது? ஆனால் அது நாற்பது சென்ரிமீற்றருக்கு மேலும் வளரக்கூடியது. எமது வீடுகளில் சாதாரணமாக இருப்பது இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமான தொட்டி. விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லீற்றர்தான் கொள்ளும். மணலும் கல்லும் போட்டால் 50 லீற்றர் இருந்தாலே அதிகம். ஓர் அடியைத் தாண்டிய மீனுக்கு ஓர் அடி அகலத்தில் திரும்புவதே சிரமம். செடிகளைப் பிடுங்கும், இரவில் கல்லைப் புரட்டும். எல்லாவற்றையும்விட, சுத்தம் செய்ய வந்த இதுவே தொட்டியில் உள்ள மற்ற மீன்கள் எல்லாம் சேர்ந்து போடுவதைவிட அதிகமாக அசுத்தம் செய்யும்.

பிறகு என்ன நடக்கிறது? கொல்ல மனம் வராது. கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டார். ஒரு மாலை நேரம் வாளியில் போட்டுக்கொண்டு போய் ஆற்றில் விட்டுவிடுவார்கள். செய்பவருக்கு அது ஜீவகாருண்யமாகத் தெரியும். எங்கள் கடைத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பொல்கொல்ல நீர்த்தேக்கத்திலும், மகாவலி கீழே இறங்கிச் சேரும் விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் இந்த இன மீன்கள் பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதன் முள்ளும் தகடும் வலையில் சிக்கினால் வலைக்குத்தான் சேதம். திலாப்பியாவை நம்பி வலை வீசும் மீனவருக்கு இது விலைபோகாத மீன். கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் பழக்கமும் இதற்கு உண்டு. சில நூறு ரூபா வியாபாரத்தின் நட்டத்தை முன்பின் தெரியாத ஒரு மீனவர் சுமக்கிறார். இதனால்தான் எனது தொட்டிகளில் இந்த மீனை நான் வைப்பதில்லை. பக்கத்துக் கடையில் இருக்கிறதே என்று போகிறவர்கள் போகட்டும்.

கிளீனர் கேட்டு வருபவரிடம் நான் முதலில் சொல்வது, மீன் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும் மீன் எதுவும் கிடையாது என்பதுதான். வாரம் ஒருமுறை ஒரு குழாயால் அடி அழுக்கை உறிஞ்சி எடுத்து, நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதே சுத்தம். இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடும். ஆனாலும் அடியில் சுறுசுறுப்பாகத் திரிந்து, மற்ற மீன்கள் தவறவிட்ட தீனைப் பொறுக்கித் தின்னும் அழகான சிறிய கெளுத்தி ஒன்று இருக்கிறது என்றால் மீண்டும் உட்கார்ந்து கேட்பார்கள்.

அதுதான் கொரிடோரஸ். வீட்டுத் தொட்டிக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். இதுவும் தென் அமெரிக்க மீன். செதில் இல்லை, உடம்பின் இரு பக்கமும் எலும்புத் தகடுகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். வாயோரத்தில் மீசை. அந்த மீசையால் மணலைக் கிளறிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டுவதுபோல் உருட்டிக்கொண்டு திரியும்போது சிறுபிள்ளைகள் தொட்டியை விட்டு நகரமாட்டார்கள். அதிகம் விற்பனையாகும் வெண்கல நிற வகை ஆறு, ஏழு சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். வெள்ளை உடம்பும் சிவந்த கண்ணும் உள்ளது வேறு இனமல்ல, பெரும்பாலும் இதன் அல்பினோதான். கப்பி, பிளாட்டி, டெட்ரா எதையும் துன்புறுத்தாது. ஒழுங்காகப் பார்த்தால் ஐந்து வருடத்திற்கு மேலும் இருக்கும்.

எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது வாடிக்கையாளரின் ஊர். இதைப் பல வியாபாரிகள் கவனிப்பதில்லை. பாண்டா கொரிடோரஸ், வெள்ளை உடம்பில் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையத்தோடு, பார்த்தவுடன் வாங்கத் தூண்டும். ஆனால் அது 20 முதல் 25 பாகை வரையான குளிர்ந்த நீரை விரும்பும் மீன். கண்டி, நுவரெலியா, பண்டாரவளை வாடிக்கையாளருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கொழும்பிலோ காத்தான்குடியிலோ தொட்டி நீர் 28, 29 பாகைக்கு ஏறும் வீட்டில் அது நாளடைவில் வாடிப்போகும். பெப்பர் கொரிடோரஸ் எனப்படும் புள்ளி வகை இன்னும் குளிர் விரும்பி. சார்ள்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் போனபோது சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842 இல் விஞ்ஞானப் பெயர் பெற்றது. வெப்பமான ஊர்களுக்குப் பொருத்தமானது ஸ்டெர்பாய் வகை. பிரேசில், பொலிவியா எல்லையில் ஓடும் குவாப்போரே ஆற்றுப் பக்கத்து மீன். கரும் உடம்பில் வெண்புள்ளிகளும் செம்மஞ்சள் செட்டைகளும் கொண்டது. விலை சற்றுக் கூட, ஆனால் கரையோரத்து வாடிக்கையாளருக்கு அதுவே மலிவு. வெண்கல வகை இரண்டுக்கும் நடுவில், எங்கும் ஓரளவு சமாளிக்கும்.

கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களில் எந்தக் கொரிடோரஸையும் விற்காமல் மொலியைக் கொடுத்தனுப்புவது நல்லது. நோய்க்கு மருந்தாகத் தொட்டியில் உப்புப் போடும் பழக்கம் உள்ளவருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

பெயர் பற்றி ஒரு குறிப்பு. 2024 இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பெரிய கூட்டத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தது. வெண்கல வகை இப்போது ஒஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்தில் இருக்கிறது. மொத்த வியாபாரியின் விலைப்பட்டியலில் புதுப்பெயரைக் கண்டால் புதிய மீன் என்று எண்ணி அதிக விலை கொடுத்துவிட வேண்டாம். அதேபோல், நீலம், ரோஸ் என்று கண்ணைப் பறிக்கும் கொரிடோரஸ் வந்தால் அது சாயம் ஏற்றிய அல்பினோ. சாயம் சில மாதங்களில் வெளுக்கும், அதன் பிறகு வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேறு சிறிய கெளுத்திகளும் உண்டு. கண்ணாடியில் பாசி படிகிறது என்று உண்மையாகவே குறைப்படுபவருக்கு பிரிஸ்டில்நோஸ் சரியானது. பிளெக்கோவின் உறவுதான், ஆனால் 12, 13 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். உள்ளே ஒரு மரத்துண்டு வைக்கச் சொல்லுங்கள், ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். ஒட்டோ நான்கு சென்ரிமீற்றர்தான். ஆனால் புதுத் தொட்டியில் பாசி இல்லாமல் பட்டினியால் செத்துவிடும். ஆறு மாதம் பழகிய தொட்டி உள்ளவருக்கு மட்டும் கொடுப்பேன். கண்ணாடிக் கெளுத்தி நடுநீரில் கூட்டமாக நிற்பது, அடிமீன் அல்ல. எமது ஓடைகளில் பிடிபடும் உள்ளூர்ச் சிறு கெளுத்திகளை மலிவாகக் கொண்டுவந்து தருபவர்களும் உண்டு. அவை இரவில் வேட்டையாடுபவை, காலையில் கப்பிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். சுங்கானின் முள்ளில் விஷமே உண்டு. 'ஷார்க்' என்ற பெயரில் வெள்ளியாய் மின்னும் விரல் நீளப் பங்காசியஸ் குஞ்சோ ஒரு மீற்றருக்கு மேல் வளரும் உணவு மீன். அதை வீட்டுத் தொட்டிக்கு விற்பதை என்னவென்று சொல்வது?

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். பிளெக்கோ விற்றால் ஒரு மீன் விற்பனை, அதோடு சரி. கொரிடோரஸ் தனியாக இருந்தால் ஒடுங்கிப்போகும், ஆறாவது வேண்டும். ஆகவே ஆறு மீன் போகிறது. அடியில் கூரான கருங்கல் சல்லி இருந்தால் மீசை தேய்ந்து புண்ணாகும் என்பதால், கழுவிய நுண்மணல் ஒரு பை போகிறது. மிதக்கும் தீன் அடிக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே மூழ்கும் குளிகைத் தீன் மாதாமாதம் போகிறது. அந்தத் தீன்தான் இலாபம். மீன் உயிரோடிருக்கும் வரை அது தொடரும்.

மொத்த வியாபாரியிடம் எடுக்கும்போது அவசரப்படக்கூடாது. மீசை முழுதாக இருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா, வயிற்றுப் பக்கம் சிவந்திருக்கிறதா என்று கீழிருந்து பார்க்க வேண்டும். முன்தினம் இறங்கிய சரக்கைவிட ஒரு வாரம் அங்கே இருந்து தீன் தின்பதை எடுப்பேன். எனது கடையிலும் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்த பிறகே விற்பனைக்கு விடுகிறேன். அந்த இரண்டு வாரத்தில் செத்தால் நட்டம் எனக்கு, வாடிக்கையாளரின் வீட்டில் செத்தால் நட்டம் எனது பெயருக்கு.

கொரிடோரஸ் திடீரென மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். குடலால் காற்றைச் சுவாசிக்கும் இயல்பு அதற்கு உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "மீனுக்கு மூச்சுமுட்டுது நானா" என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வரும். இடைவிடாமல் மேலே போய்வந்தால் மட்டும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒஸ்கார் போன்ற பெரிய வாய் மீன் உள்ளவருக்கு விற்கவே கூடாது. விழுங்கப் பார்க்கும், கொரிடோரஸ் செட்டை முள்ளை விறைப்பாக நிறுத்தித் தொண்டையில் சிக்கிக்கொள்ளும், இரண்டும் சாகும்.

அதே முள் பொலிதீன் பையையும் துளைக்கும். வலையில் சிக்கினால் இழுக்காமல் வலையோடு தண்ணீரில் வைத்தால் தானாகக் கழன்றுவிடும். பையை இரண்டாகப் போட்டு, நடுவில் பத்திரிகைத் தாள் ஒன்றை வைத்து, ஒரு பைக்கு மூன்று மீனுக்கு மேல் போடாமல் கட்டிக் கொடுங்கள். அக்குறணைக்கோ கம்பளைக்கோ பஸ்ஸில் போகிறவருக்கு அது போதும். அதைவிடத் தூரம் என்றால் அன்று காலையிலிருந்து மீனுக்குத் தீன் போடாமல் வைத்திருந்து கொடுக்க வேண்டும்.