நட்சத்திரங்கள் செங்குத்தாக ஏறும் ஊர்

நான் புரட்டிய வானியல் நூல்களில் பெரும்பாலானவை முதலில் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்கின்றன. சிங்கப்பூரில் அது வீண் வேலை. நாம் பூமத்திய ரேகைக்குச் சுமார் 1.3 பாகை மட்டுமே வடக்கே இருப்பதால், அது அடிவானத்தை ஒட்டியே கிடக்கிறது, கட்டடங்கள் மறைத்துவிடும். நூல்களில் உள்ள படங்களில் விண்மீன்கள் அதைச் சுற்றி வட்டமிடும். நமக்கோ அவை கிழக்கில் செங்குத்தாக எழுந்து, மேற்கில் செங்குத்தாக இறங்குகின்றன.

இதைப் பார்க்க ஓரியன் எனும் வேடன் போதும். டிசம்பர் நடுவில், மழை ஓய்ந்த ஓர் இரவில், 8.30 மணிக்கு மேல் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அதுதான் வேடனின் இடைவார். எங்கள் வட்டாரத்தின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிட மேல்தளத்திலிருந்து, இவ்வளவு விளக்கு வெளிச்சத்திலும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இடைவாரின் ஒருபுறம் சிவந்த திருவாதிரை, மறுபுறம் நீலம் கலந்த வெண்மையில் ரைஜல். ஜாதகத்தில் மட்டுமே கேள்விப்பட்ட பெயரை வானத்தில் பார்ப்பது தனி சந்தோஷம்!

கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், ஒரு மணி நேரத்தில் இடைவார் ஒன்றரை முஷ்டி உயர்ந்திருக்கும். அளந்து பாருங்கள். நகர்வது நாம் நிற்கும் பூமிதான்.

பூமி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடமே ஆகிறது. அதற்குள் அது தன் பாதையிலும் சற்று நகர்ந்துவிடுவதால், மீண்டும் சூரியனை நேராகப் பார்க்க இன்னும் 4 நிமிடம் சுழல வேண்டும். நம் கடிகாரம் சூரியனைப் பின்பற்றுகிறது. எனவே விண்மீன்கள் தினமும் 4 நிமிடம் முன்னதாக வருகின்றன. மாதத்திற்கு 2 மணி நேரம். ஜனவரி நடுவில் இரவு 11 மணிக்கு உச்சியில் நிற்கும் வேடன், பிப்ரவரி நடுவில் 9 மணிக்கே அங்கு வந்துவிடுவான். ஜூனில் சூரியனோடு பகல் வானில் மறைந்துபோவான். அப்போது தென்கிழக்கே விருச்சிகமும் அதன் சிவப்புக் கேட்டையும் ஏறும்.

துருவ நட்சத்திரம் இல்லாத குறைக்கு ஈடாக, மே நடுவில் இரவு 10 மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தென்சிலுவையும் ஒரே வானில் நிற்கும். லண்டனிலிருந்து தென்சிலுவையைப் பார்க்கவே முடியாது.